சத்தம் போட மட்டும் ஒரு துப்பாக்கி

விருத்தாசலம் செராமிக் தொழிற்பேட்டையில் கையால் வேலை செய்கிறவர்கள் உண்டு, கண்ணால் பார்த்து வேலை செய்கிறவர்கள் உண்டு, வாயாலேயே வேலையை முடித்துவிடுகிறவர்கள் எல்லாரையும்விட அதிகமாக உண்டு. காதால் வேலை செய்தவள் அமிர்தம் ஒருத்திதான். கரண்டுக் கம்பத்தின் உச்சியில் கம்பியைத் தாங்கிக்கொண்டு குடை குடையாக ஒரு பீங்கான் சாமான் உட்கார்ந்திருக்குமே, இன்சுலேட்டர், அது சூளையில் வெந்து வெளியே வந்ததும் முதலில் அவள் மேஜைக்குத்தான் வரும். இடது கையால் தூக்கி இடது காதோரம் பிடிப்பாள். வலது கையில் இருக்கிற மரச் சுத்தியால் ஒரே ஒரு தட்டு. ணங் என்று கேட்டால் நல்ல சாமான். டொக் என்று கேட்டால் உள்ளே எங்கோ விரிசல். வெளியே பார்த்தால் பளபளவென்று மாப்பிள்ளைக் கோலத்தில் இருக்கும். ஆனால் மழைக்காலத்தில் கம்பத்தில் ஏறுகிற லைன்மேனின் உயிரை அதுதான் வாங்கும்.

கரண்டைப் பாய்ச்சிச் சோதிக்கிற மிஷினும் கம்பெனியில் இருந்தது. வாரத்தில் நாலு நாள் அதற்கு உடம்பு சரியிருக்காது. அமிர்தத்துக்கு அப்படி ஒரு வசதி கிடையாது. இருபத்திரண்டு வருஷமாக அவள் காது லீவு போட்டதே இல்லை. முதலாளி ஜெயராஜ், வருகிற வியாபாரிகளையெல்லாம் அவள் மேஜைக்கு முன்னால் கொண்டுவந்து நிறுத்துவார்.

"அமிர்தக்கா காது ஓகே சொல்லிட்டா அதுக்கு மேல ஒரு சர்டிபிகேட்டு கெடையாதுங்க," என்பார்.

காதுக்கு அவ்வளவு மரியாதை. காதுக்குச் சொந்தக்காரிக்கு ஒரு மின்விசிறி கேட்டபோது மட்டும், விசிறி ஓடுகிற சத்தத்தில் தட்டுவது கேட்காமல் போய்விடும் என்று சொல்லிவிட்டார். நியாயம்தானே!

அமிர்தத்துக்கு இன்னொரு வாழ்க்கையும் இருந்தது. வேப்பூர் ரோட்டில், தைலமரக் காட்டை ஒட்டி ஒன்றரை ஏக்கர். அவள் புருஷன் பக்கிரி ஆறு வருஷத்துக்கு முன்னால் நெஞ்சுவலியில் போனபோது அந்த நிலத்தையும், வேல்விழி என்கிற மகளையும், பன்னிரண்டு 'போர்' அளவுள்ள ஒற்றைக்குழல் துப்பாக்கி ஒன்றையும் விட்டுப்போனான். புருஷன் செத்ததற்கான சர்டிபிகேட் ஒரு வாரத்தில் வந்தது. துப்பாக்கி லைசென்ஸ் பொண்டாட்டி பேருக்கு மாற இரண்டு வருஷம் ஆனது. அந்த இரண்டு வருஷமும் காட்டிலிருந்து வருகிற பன்றிகளுக்குப் பொற்காலம்.

லைசென்ஸில் 'பயிர்ப் பாதுகாப்புக்காக' என்று எழுதியிருந்தது. யாரிடமிருந்து பாதுகாப்பு? காட்டுப் பன்றியிடமிருந்து. அப்படியென்றால் பன்றியைச் சுடலாமா? சுடக்கூடாது. லைசென்ஸ் கைக்கு வந்த புதிதில் அமிர்தம் இந்தச் சந்தேகத்தை ஒரு வனக் காவலரிடமே கேட்டாள்.

"பன்னி மேல ஒரு குண்டு பட்டாலும் கேஸ்மா. ஜாக்கிரதை," என்றார் அவர்.

"அப்ப என்னாங்க பண்றது?"

"வானத்தப் பாத்து சுடுங்க. சத்தத்துக்கு ஓடிடும்."

"அப்ப இந்தத் துப்பாக்கி எதுக்குங்க?"

"சத்தம் போடத்தாம்மா."

ஆக, ஏகப்பட்ட முத்திரையும் கையெழுத்தும் போட்டு, நன்னடத்தை விசாரித்து, கைரேகை எல்லாம் வாங்கிக்கொண்டு அரசாங்கம் அவளுக்கு அனுமதித்தது மூன்று கிலோ எடையுள்ள ஒரு ஊதுகுழலை. அமிர்தம் சட்டத்தை மதிக்கிறவள். அதனால் நாலு வருஷமாக மல்லாட்டை, அதாவது நிலக்கடலைப் பருவத்தில் விடியும்போது ஒன்று, பொழுது சாயும்போது இரண்டு என்று வானத்தைச் சுட்டுக்கொண்டிருந்தாள். வானத்துக்கு ஒன்றும் ஆகவில்லை. பன்றிகளுக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஓடும், மறுநாள் குட்டிகளோடு திரும்பி வரும். அடி வாங்கியது அவளுடைய இடது காது மட்டும்தான். வலது தோளில் துப்பாக்கியைச் சாய்த்துச் சுடுகிறவர்களுக்குக் குழலின் வாய்ப்பக்கம் திரும்பி நிற்பது இடது காதுதானாம். இன்சுலேட்டரைத் தட்டிப் பார்க்கிற அதே காது.

முதலில் சுட்ட பிறகு கொஞ்ச நேரம் கொய்யென்று ஒரு இரைச்சல் இருந்தது. பிறகு அது காலை டீ வரைக்கும் இருந்தது. பிறகு போகவே இல்லை. ணங் என்ற சத்தம் துணிக்குள்ளிருந்து வருகிறாற்போல் வர ஆரம்பித்தது. ஒரு தட்டுக்குப் பதில் இரண்டு தட்டினாள், பிறகு மூன்று. 'அக்கா எவ்ளோ பொறுப்பா பாக்குறாங்க பாருங்கடா' என்று ஜெயராஜ் மற்றவர்களுக்கு அவளைக் காட்டிப் புத்தி சொன்னார். அமிர்தம் தலை நிமிராமல் அடுத்த சாமானை எடுத்தாள்.

காது போகிறது என்று தெரிந்தால் தட்டிப் பார்க்கிற மேஜை போய்விடும். அவளைத் தூக்கி வைக்கோல் கொட்டகையில் பேக்கிங்கில் போட்டுவிடுவார்கள். கூலி குறைவதைக்கூட அவள் பொறுத்துக்கொள்வாள். அந்தத் தொழிற்பேட்டையில் 'தட்டுற அக்கா' என்று ஒருத்தி இருக்கிறாளே, அவள் இல்லாமல் போய்விடுவாள். அதை நினைத்தாலே அமிர்தத்துக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அதனால் யாரிடமும் மூச்சு விடவில்லை.

நடுவில் ஒரு வேடிக்கை. தேர்தல் அறிவித்தால் லைசென்ஸ் துப்பாக்கிகளை எல்லாம் போலீஸ் ஸ்டேஷனில் ஒப்படைக்க வேண்டும். மல்லாட்டைக்காரி அமிர்தம் துப்பாக்கியைத் தூக்கிக்கொண்டு போய் ஜனநாயகத்தைக் கவிழ்த்துவிடுவாளோ என்று பயம் போலிருக்கிறது. அவளும் சமத்தாகக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு ரசீதோடு வந்தாள். இருபது நாள் போனது. காதில் இரைச்சல் தணிந்தது. ஒரு மாதம் போனது. ணங் என்பது பழையபடி ணங் என்றே கேட்டது. மேஜையில் உட்கார்ந்து அவள் பாட்டே பாடினாள். ஜெயராஜுக்கு ஒன்றும் புரியவில்லை.

தேர்தல் நடத்தை விதி அமலுக்கு வந்த சேதி மனிதர்களைவிடப் பன்றிகளுக்கு முதலில் எட்டிவிடும். அந்த வருஷம் மல்லாட்டையை வேரோடு கிளறித் தின்றுவிட்டுப் போயின. தேர்தல் வந்தால் காது இருந்தது, மல்லாட்டை இல்லை. தேர்தல் இல்லாவிட்டால் மல்லாட்டை இருந்தது, காது இல்லை. இந்த நாட்டில் வருஷா வருஷம் தேர்தல் வரவேண்டும் என்று மனசார வேண்டிக்கொண்ட ஒரே குடிமகள் அமிர்தமாகத்தான் இருப்பாள்.

துப்பாக்கி திரும்பி வந்ததும் இரைச்சலும் திரும்பி வந்தது, முன்னைவிடக் கூடுதலாக. வேல்விழி அவளை இழுத்துக்கொண்டு போய்க் காது டாக்டரிடம் உட்கார வைத்தாள். டாக்டர் காதில் ஹெட்போனை மாட்டி, சத்தம் கேட்டால் விரலைத் தூக்கச் சொன்னார். பாதி நேரம் அமிர்தத்தின் விரல் மடியிலேயே கிடந்தது.

"போனது வராதும்மா. நடுவுல ஓய்வு குடுத்தா கொஞ்சம் தேறுது. ஆனா ஒவ்வொரு தடவையும் தேறுறது கொறைஞ்சிக்கிட்டே போகும்," என்றார் டாக்டர். "துப்பாக்கி வெடிச்சா நூத்தி அறுபது டெசிபல் கிட்ட வரும். காது அதத் தாங்காது. சுடாம இருக்க முடியாதா?"

"பன்னிகிட்ட நீங்க ஒரு வார்த்த சொல்லிட்டீங்கன்னா நான் நிறுத்திடுறேங்க," என்றாள் அமிர்தம்.

டாக்டர் சிரித்துவிட்டு, காதை அடைக்கிற பஞ்சுமிட்டாய் நிறத்து அடைப்பான் இரண்டைக் கொடுத்தார். அவள் அதையும் மாட்டிப் பார்த்தாள். வெடிச் சத்தம் குறைந்தது, வாஸ்தவம். செடிக்குள் பன்றி உறுமுகிற சத்தமும் சேர்ந்து குறைந்தது. ஒருநாள் பொழுது சாய்கிற நேரத்தில் அவள் பாட்டுக்கு வரப்பில் நடந்துபோய் ஒரு தாய்ப்பன்றிக்கு ஐந்து முழம் தள்ளி நின்றாள். அதுவும் பார்த்தது, இவளும் பார்த்தாள். யார் முதலில் ஓடினார்கள் என்று கேட்கவேண்டாம். அடைப்பான் இரண்டும் அந்த ஓட்டத்தில் எங்கோ விழுந்து போனது.

வேல்விழி பி.காம். முடித்துவிட்டு அரசுத் தேர்வுக்கு நாலு வருஷமாகப் படிக்கிறவள். அரசாங்க வேலை இன்னும் கிடைக்கவில்லை, அரசாங்கத் தமிழ் மட்டும் நன்றாக வந்துவிட்டது. அவள்தான் போனில் தேடிக் கண்டுபிடித்தாள்.

"ம்மா, துப்பாக்கி வாயில ஒரு குழா மாட்டினா சத்தம் கொறையுமாம். நார்வேன்னு ஒரு நாடு. அங்க கடையிலயே விக்கிறானாம். வேட்டைக்குப் போறவனுக்குக் காது கெடக்கூடாதுன்னு மாட்டிக்கிறானாம். அக்கம்பக்கத்து வூட்டுக்காரனுக்கும் தொந்தரவு இல்லையாம்."

"நம்மூர்ல?"

"நம்மூர்ல தடை. சத்தத்தையோ நெருப்பையோ கொறைக்கிற சாமான் எதுவா இருந்தாலும் தடை பண்ணுன பிரிவுல வருது. டெல்லியிலயே தனியா அனுமதி குடுத்தாத்தான் உண்டு. கிராமத்துல யாருக்கும் குடுத்த மாதிரி தெரியலம்மா."

"யாரும் கேட்டிருக்க மாட்டாங்கடி," என்றாள் அமிர்தம்.

பக்கத்து நிலத்து வீராயிக்கு இந்தப் பேச்சு காதில் விழுந்தது. அவளுக்குக் காது நன்றாகத்தான் இருந்தது. "கேட்டுக்கிட்டா நிப்பாங்க? எவனாவது லேத்துக்காரனப் புடிச்சு செஞ்சு கமுக்கமா மாட்டிக்கம்மா," என்றாள்.

"கமுக்கமா மாட்டுறதுக்கு நான் என்னா கொலையா பண்ணப் போறேன்? வூட்டுல பொண்ணு இருக்குது. நான் உள்ள போயிட்டா அவள யாரு பாப்பா?" என்று அமிர்தம் பிடித்துக்கொண்டாள்.

மறைக்காமல் எல்லாவற்றையும் எழுதிக் கொடுத்தால் படிக்கிறவர்களுக்குப் புரியும் என்று அவள் நம்பினாள். இருபத்திரண்டு வருஷமாகப் பீங்கானோடு பழகியவள் செய்கிற தப்பு அது. பீங்கானைத் தட்டினால் உள்ளதைச் சொல்லிவிடும். ஆபீஸ் அப்படியா? வேல்விழி மூன்று பக்கத்துக்கு மனு எழுதினாள். 'பயிர்ப் பாதுகாப்புத் துப்பாக்கிக்கு ஒலியடக்கி பொருத்திக்கொள்ளத் தக்க அனுமதி வேண்டி.' கூடவே காது டாக்டரின் ரிப்போர்ட். எங்கே வேலை, என்ன வேலை, அந்த வேலைக்குக் காது ஏன் முக்கியம் என்று அமிர்தம் சொல்லச் சொல்ல அதுவும் ஒரு பத்தி.

"கம்பெனி பேரு வேணுமாம்மா?" என்று வேல்விழி தயங்கினாள்.

"உள்ளத எழுதுடி. பயப்புட என்னா இருக்குது?" என்றாள் அமிர்தம்.

மனுநாளில் கொண்டுபோய்க் கொடுத்தார்கள். எந்த ஆபீஸ் என்று இங்கே சொல்வதற்கில்லை. நாளைக்கு நமக்கும் அங்கே ஒரு வேலை இருக்கும். மனுவைப் பிரித்த எழுத்தர் தமிழ்மணி முதல் வரியைப் படித்தார், அமிர்தத்தை ஏற இறங்கப் பார்த்தார், மறுபடி முதல் வரியைப் படித்தார். பக்கத்து மேஜைக்காரரைக் கூப்பிட்டார். அவர் இன்னொருவரைக் கூப்பிட்டார். அந்த ஆபீஸில் ஒரு மனுவை நாலு பேர் முழுசாகப் படித்தது அன்றைக்குத்தான் என்று பேச்சு.

"சினிமாவுல வில்லன் வெச்சிருப்பானே, அதாம்மா இது?" என்றார் தமிழ்மணி.

"எனக்கு சினிமாவுக்குப் போறதுக்கெல்லாம் ஏதுங்க நேரம்?" என்றாள் அமிர்தம்.

மனு கிளம்பியது. ஒரு மனு இத்தனை ஊர் சுற்றும் என்று தெரிந்திருந்தால் அமிர்தமும் கூடவே போய்வந்திருப்பாள். முதலில் போலீசுக்குப் போனது. எஸ்.ஐ. பாண்டியன் இரண்டு போலீஸ்காரர்களோடு வீட்டுக்கே வந்துவிட்டார். தெருவே கூடிவிட்டது. அவர் துப்பாக்கியை வாங்கிப் பார்த்தார், குழலுக்குள் பார்த்தார், அரிசிப் பானைக்குள்ளும் பார்த்தார்.

"யார் மேலயாவது பகை இருக்குதாம்மா?"

"பன்னி மேலதாங்க."

"சொத்துத் தகராறு?"

"அதுவும் பன்னியோடதாங்க."

"பன்னிக்குத் தெரியாம சுடணும்னு நெனைக்கிற. அதான?"

"அய்யோ, இல்லைங்க! பன்னிக்கு நல்லாக் கேக்கணும். எனக்குத்தாங்க கேக்கக் கூடாது."

பாண்டியன் பேனாவை மூடிவிட்டார். மனுதாரர் முன்னுக்குப்பின் முரணாகப் பேசுகிறார் என்று அறிக்கை போனது. நல்லவேளை, ஆபத்தானவர் அல்ல என்றும் ஒரு வரி சேர்த்திருந்தார். வனத்துறையிலிருந்து, பன்றியைச் சுடுவது குற்றம் என்று மறுபடி எழுதினார்கள், அவள் அதைக் கேட்கவே இல்லை என்றாலும். வேளாண்மைத் துறையிலிருந்து ஒருவர் வந்து, வயலைச் சுற்றிப் பழைய சேலைகளைக் கட்டச் சொன்னார். அமிர்தம் போன வருஷமே கட்டியிருந்தாள். சேலைகளைப் பன்றிகள் ஒருநாள் பார்த்தன, இரண்டாம் நாள் முகர்ந்தன, மூன்றாம் நாள் ஒரு கிழட்டுப் பன்றி அவளுடைய தீபாவளிச் சேலையைக் கழுத்தில் போட்டுக்கொண்டு காட்டுக்குள் போனது. வந்தவர் அதைக் குறித்துக்கொள்ளவில்லை.

கடைசியில் விசாரணை என்று தமிழ்மணி கூப்பிட்டு அனுப்பினார். அவர் கெட்ட மனுஷன் இல்லை. பைலில் ஒரு கட்டத்துக்குள் அடங்காத எதையும் அவருக்குத் தாங்க முடியாது, அவ்வளவுதான்.

"யம்மா, பொறுமையாக் கேளுங்க. இந்தத் துப்பாக்கிய எதுக்குக் குடுத்தாங்க?"

"சத்தம் போடங்க."

"கரெக்டு. இப்ப நீங்க என்னா கேக்குறீங்க? சத்தம் வேணாங்கிறீங்க. சத்தம் வேணாம்னா துப்பாக்கி வேணாம்னுதான அர்த்தம்? லைசென்ஸ் வேணாம்னு எழுதிக் குடுத்துடுறீங்களா?"

"சார், அத மாட்டினாலும் சத்தம் வரும் சார். இருபது முப்பது டெசிபல்தான் கொறையுமாம். பன்னிக்கு அது தாராளமாக் கேக்கும். என் காதுக்கு மட்டும் ஒரு எடவெளி கெடைக்கும்."

"அத மாட்டினா புஸ்ஸுன்னு ஒரு சத்தந்தாம்மா வரும். ஊருக்கே தெரியும்."

ஊருக்கே தெரிந்ததெல்லாம் தியேட்டரில் தெரிந்தது. அதற்கு எதிராக ஒரு மல்லாட்டைக்காரி என்ன பேச முடியும்? இன்னொன்றும் சொன்னார் தமிழ்மணி. லைசென்ஸைப் புதுப்பிக்க உடம்பு நன்றாக இருக்கிறது என்று டாக்டர் சர்டிபிகேட் வேண்டுமாம். காது கெட்டுப்போச்சு என்று இவளே ரிப்போர்ட் வைத்திருக்கிறாள். காது நல்லா இருந்தால் ஒலியடக்கி எதற்கு, காது கெட்டிருந்தால் துப்பாக்கி எதற்கு? கேள்வியில் ஒரு விரிசல்கூட இல்லை.

"காது எங்க செக்ஷன் இல்லம்மா. ஆனா நீங்க இவ்ளோ தூரம் வந்திருக்கீங்க, சும்மா அனுப்ப மனசு வரல," என்று தமிழ்மணி நல்லெண்ணத்தோடு மனுவைப் புரட்டினார். மூன்றாம் பக்கத்தில் கம்பெனி பெயர் கண்ணில் பட்டது. அவர் முகம் மலர்ந்தது. "இதச் சொல்லவே இல்லையே! தொழிற்சாலையில வேல செய்யிறவங்களுக்குக் காது போனா அதுக்குன்னு தனி ஆபீஸே இருக்குது. ஒரு காப்பி அங்க அனுப்பிடுறேன்."

"வேணாங்க சார்! தயவு செஞ்சு வேணாம்! கம்பெனில காது போவல," என்று அமிர்தம் எழுந்தே நின்றுவிட்டாள். அதற்குள் மூலையில் ஒரு முத்திரை விழுந்துவிட்டது.

அடுத்த வியாழக்கிழமை தொழிற்சாலைப் பாதுகாப்பு அதிகாரி ஒரு அம்மா, கையில் சத்தத்தை அளக்கிற கருவியோடு ஜெயராஜ் கம்பெனி வாசலில் ஜீப்பை விட்டு இறங்கினார். "உங்க தொழிலாளி ஒருத்தருக்குக் காது பாதிச்சிருக்கு. ரிப்போர்ட் பாத்தீங்களா?" என்று மனுவின் காப்பியை நீட்டினார். ஜெயராஜ் படித்தார். படித்துவிட்டுத் தட்டிப் பார்க்கிற மேஜைப் பக்கம் திரும்பிப் பார்த்தார். அமிர்தம் சுத்தியை மடியில் வைத்துக்கொண்டு தரையைப் பார்த்தாள். நிலம் பிளந்து உள்ளே போய்விட மாட்டோமா என்றிருந்தது அவளுக்கு.

அந்த அம்மா மண் அரைக்கிற மில்லுக்குப் பக்கத்தில் சத்தத்தை அளந்தார். அதிகம்தான். கொட்டகைக்குள் வேலை செய்கிற எல்லாரும், விதிவிலக்கே இல்லாமல், காதுக்கு உறை மாட்டிக்கொள்ள வேண்டும் என்று உத்தரவு போட்டார். ஜெயராஜ் திங்கட்கிழமையே ஒரு பெட்டி வாங்கிப் போட்டார், நீல நிறத்தில், காதை இறுக்கமாக மூடுகிற மாதிரி. அந்த அம்மா மறுபடி வந்தபோது அமிர்தம் மேஜையில் அதை மாட்டிக்கொண்டு இன்சுலேட்டரைத் தட்டிக்கொண்டிருந்தாள். அவளை நிறுத்தி வைத்து ஒரு போட்டோ எடுத்துக்கொண்டார்கள். கேட்கவே கூடாத இடத்தில் காதைத் திறந்து வைக்கச் சொல்கிற சட்டம், கேட்டே ஆகவேண்டிய இடத்தில் மூடி வைக்கச் சொன்னது. இதைவிட அக்கறையாக ஒரு அரசாங்கம் எப்படி இருக்க முடியும்?

ஜீப் போனதும் ஜெயராஜ் அவள் மேஜைக்கு வந்தார். அவருக்குப் பின்னால் சூளை வண்டி தள்ளுகிற பூங்கோதையும் இன்னும் ஏழெட்டுப் பேரும் நின்றார்கள். மேஜையில் பத்து இன்சுலேட்டரை வரிசையாக வைத்தார்.

"தப்பா நெனைக்காதீங்கக்கா. ஒரு லாரி லோடு நிக்குது. அப்படியே அனுப்ப எனக்கு மனசு ஒப்பல," என்றார்.

அமிர்தம் நீல உறையைக் கழற்றி வைத்தாள். ஒன்றை எடுத்துத் தட்டினாள். நல்லது. இரண்டு நல்லது. மூன்று, நாலு, ஐந்து, ஆறு எல்லாம் நல்லது என்று ஒதுக்கி வைத்தாள். ஏழாவதைத் தட்டினாள். கொய்யென்ற இரைச்சலுக்கு அடியில் ஏதோ ஒன்று கேட்டது. மறுபடி தட்டினாள். வலது காதுக்கு மாற்றித் தட்டினாள். ஏதோ ஒன்றை வாய்க்கு வந்தபடி சொல்லிவிடலாம். பாதிக்குப் பாதி சரியாக வரும். இருபத்திரண்டு வருஷப் பேரைக் காப்பாற்ற அது போதும். பிறகு அது ஏதோ ஒரு ஊரில் ஒரு கம்பத்தில் ஏறும், அதன் பின்னால் ஒருத்தன் ஏறுவான், அவனுக்கும் வீட்டில் ஒரு வேல்விழி இருப்பாள். அமிர்தம் ஏழாவதைத் தனியாக ஒதுக்கி வைத்தாள். ஆத்திரமும் வெட்கமும் ஒன்றாக வந்தது.

"இது எனக்குத் தெரியல மொதலாளி," என்றாள்.

அன்றைக்குக் காலையில் அந்தக் கரண்டுச் சோதனை மிஷின் என்றைக்கும் இல்லாமல் ஒழுங்காக ஓடியிருந்தது. ஜெயராஜ் பத்தையும் அதில் பார்த்துவிட்டுத்தான் கொண்டுவந்திருந்தார்.

"ஏழாவது நல்லதுதாங்கக்கா," என்றார் மெதுவாக. அவளுக்குக் கேட்கவில்லை. பூங்கோதை கிட்டே வந்து காதருகில் குனிந்து சொன்னாள்: "ஏழாவது நல்லதாம்க்கா. நாலாவதுதான் போனதாம்."

அமிர்தம் நாலாவதை எடுத்தாள். காதோடு ஒட்டிப் பிடித்துத் தட்டினாள். ணங் என்று கேட்டது. அழகாகக் கேட்டது. காது தனக்குப் பழகிப்போன சத்தத்தைத் தானே போட்டுக்கொள்கிறது என்று அவளுக்கு அப்போதுதான் உறைத்தது. எத்தனை நாளாக அப்படி? யாருக்குத் தெரியும்? அவள் சுத்தியை ஜெயராஜின் கையில் வைத்துவிட்டு, யாரும் சொல்வதற்கு முன்னால் தானாகவே வைக்கோல் கொட்டகைக்குப் போனாள். போகிற வழியில் எல்லாரும் ஒதுங்கி வழிவிட்டார்கள். வாசலில் நின்ற லோடை மறுபடி ஒவ்வொன்றாகச் சோதிக்கச் சொல்லிவிட்டுத்தான் உள்ளே போனாள்.

ஒன்றரை மாதம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை வேல்விழியின் போனுக்குத் தமிழ்மணி கூப்பிட்டார். லீவு நாளிலும் வேலை செய்கிறவர். அமிர்தம் சோளம் உரித்துக்கொண்டிருந்தாள். மகள் ஸ்பீக்கரைப் போட்டு அம்மாவின் வலது காதுக்கிட்டே பிடித்தாள்.

"யம்மா, உங்க மனு முடிஞ்சிடுச்சு. ஒலியடக்கிக்கு அனுமதி கெடையாது. தடை பண்ணுன சாமான். ஆனா ஒரு நல்ல சேதி. உங்க லைசென்ஸ ரத்து பண்ணாம நான் காப்பாத்திட்டேன். நீங்க தாராளமா சத்தம் போட்டுக்கலாம்."

வேல்விழி அதை ஒரு தடவை கத்திச் சொன்னாள். அமிர்தம் தலையாட்டினாள்.

"மனு முடிஞ்சா மனுதாரருக்குத் திருப்தியா இல்லையான்னு கேட்டுப் பதிவு பண்ணணும். சொல்லுங்கம்மா, திருப்தியா?"

அமிர்தம் சோளத்தைக் கீழே வைத்தாள். "சார், நேத்து பொழுது சாய ரெண்டு தடவ சுட்டேன். காது வலிக்கவே இல்ல. எங்கயோ தூரத்துல கதவு சாத்துற மாதிரி இருந்துச்சு. நீங்க தடை பண்ணிவெச்ச சாமான் என் காதுக்குள்ளயே வந்து ஒக்காந்துக்கிச்சு. லைசென்ஸ் வாங்காம வெச்சிருக்கேன். ஆள அனுப்பி எடுத்துக்கிட்டுப் போறீங்களா?" என்றாள்.

பதிலுக்காகப் போனையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தப் பக்கம் பேசினாரா இல்லையா என்று அவளுக்குத் தெரியவில்லை. கொஞ்ச நேரம் கழித்து வேல்விழி போனை அணைத்துவிட்டு, அம்மாவின் தோளைப் பிடித்துத் திருப்பி, உதட்டைப் பார்த்துப் புரிந்துகொள்கிற மாதிரி நிறுத்தி நிறுத்திச் சொன்னாள்.

"திருப்தின்னு போட்டுக்கிட்டாராம்மா."